குருவின் நாற்காலி

பிரம்மஞான சபை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. மேடையில் பேச்சாளர் அம்மாள் கண்ணாடியைத் துடைக்கிறார். கூட்டம் தேனடையாக இரைகிறது. விளக்கொளியில் வெள்ளைச் சால்வை விரித்த நாற்காலி மட்டும் காலி. கண்ணுக்குத் தெரியாத குருவுக்காம். வாசற்காவலருக்கு அதிலெல்லாம் துளியும் நம்பிக்கையில்லை. பேச்சைக் கேட்க ஆசை ஆசையாக வந்த அவர் மனைவியோ, வீங்கிய முழங்காலோடு தூணைப் பிடித்தபடி தள்ளாடுகிறாள். அவர் விறுவிறுவென்று போய் நாற்காலியைத் தூக்கிவந்து அவளை உட்காரவைக்கிறார். “யோவ், அது குருவுக்கு!” என்று செயலாளர் அலறுகிறார். “கண்ணுக்கே தெரியாதவருக்கு முட்டி வலிக்குமா? நின்னு கேக்கட்டும்யா!” என்று எகிறுகிறார் காவலர். அம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்தச் சால்வையை உருவி அவள் தோளில் போர்த்துகிறார். கைதட்டலில் சன்னல்கள் அதிர்கின்றன. காவலர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க, “சும்மா இருங்க, அவங்க பேசப்போறாங்க” என்று அதட்டுகிறாள் மனைவி.