தவறவிட வேண்டிய பந்து

நுகாடா மட்டையோடு களத்தில் இறங்கியபோது ஒகயாமா பேஸ்பால் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் அவனுக்கல்ல. எதிரே, பந்து வீசும் மேட்டில் நின்ற இசோகாயாவுக்கு. இருபது வருடமாக வீசிய அந்தக் கை இன்றோடு ஓய்வு பெறுகிறது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பந்து வீசிவிட்டு அவர் இறங்கிவிடுவார். அப்புறம் விழா.

விடைபெறுகிறவருக்கு எதிரணி செய்கிற மரியாதை ஒன்று உண்டு. மூன்று பந்தையும் தவறவிட்டு ஆட்டமிழக்க வேண்டும். ஒப்புக்கு மட்டையை ஆட்டிவிட்டு வந்தால் அது அவருக்கு அவமானம். உயிரைக் கொடுத்துச் சுழற்ற வேண்டும், பந்தில் மட்டும் படக்கூடாது. சொல்வதற்குச் சுலபம்.

"சின்னப் பசங்களை அனுப்பினா எவனாவது அடிச்சுத் தொலைச்சிடுவான். தவறவிடறதுல உன்னை மிஞ்ச ஆளே இல்ல, நீ போ" என்று சற்றுமுன் கோச் அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார்.

பெஞ்சில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நுகாடாவும் சிரித்து வைத்தான்.

அணியை இளமையாக்கப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்த பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். தைல வாசனை அடித்த உடைமாற்றும் அறையில் இப்போது தலைக்குப் பூசும் க்ரீம் வாசனை. அவன் காலமெல்லாம் நின்ற இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். உண்மையைச் சொன்னால் நன்றாகவே ஆடுகிறான். கோபப்படக்கூட வழியில்லை.

இன்று காலை நுகாடாவுக்கும் தொலைபேசி வந்தது. நாளைக்குக் கோட்டு சூட்டில் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி சீருடை தேவையில்லை.

மனைவி மிட்சுயோவிடம் மட்டும் சொன்னான். அவள் கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள். ஆட்டத்துக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், வராதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

இப்போது களத்தில் நிற்கிறான். இதுதான் அவனுடைய கடைசி ஆட்டமும். அதில் அவன் செய்ய வேண்டியது தோற்பது.

முதல் பந்து நேராக வந்தது. அதற்கு ஒரு சாண் மேலே மட்டையைச் சுழற்றினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாவதும் அப்படியே போயிற்று. ஏழு வயதிலிருந்து பந்தைத் தேடிப் போய்ப் பழகிய கைகள். அவற்றைத் தடுத்து நிறுத்துவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

அவனுக்குப் பின்னால் குந்தியிருந்த எதிரணி கேட்சர் முகமூடிக்குள்ளிருந்து மெல்லச் சொன்னான், "கடைசியா ஃபோர்க் போடறாராம், அண்ணே."

இசோகாயாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பந்து அது. நேரே வருவதுபோல் வந்து, மட்டைக்கு அருகில் பொத்தென்று கீழே இறங்கும். அதில் ஏமாந்தே நுகாடா பாதி ஆயுளைத் தொலைத்திருக்கிறான்.

ஆனால் இன்று நிம்மதியாக இருந்தது. ஃபோர்க் என்றால் நடிக்க வேண்டாம். நேராக வரும் பந்தை அடிப்பதுபோலவே அடிக்கலாம். பந்து தானாகக் கீழே இறங்கி மானத்தைக் காப்பாற்றிவிடும். கடைசியாக ஒருமுறை, மனசார.

பந்து வந்தது. நுகாடா இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிச் சுழற்றினான்.

பந்து கீழே இறங்கவில்லை.

மட்டையின் நடு வயிற்றில் பட்டு, ஃபீல்டர்களின் தலைக்கு மேலே பறந்து, தூரத்துப் புல்லில் விழுந்தது. இந்த வருடம் அவன் இப்படி ஒரு அடி அடித்ததே இல்லை.

ரசிகர்களின் மேளமும் ட்ரம்பெட்டும் பாதியில் நின்றன. நுகாடா நின்ற இடத்திலேயே நின்றான். பெஞ்சிலிருந்து பையன்கள் "ஓடுங்கண்ணே" என்று கத்திய பிறகுதான் கால்கள் அசைந்தன.

அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்தில் போய் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான். இசோகாயா நின்ற திசையில் இடுப்பு வரை குனிந்தான். பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. எத்தனை வருடத்து உழைப்பு, எவ்வளவு பெரிய மனிதர், அவருடைய கடைசிப் பந்தை இப்படிக் கெடுத்துவிட்டோமே.

இசோகாயா ஃபீல்டரிடமிருந்து பந்தைத் திரும்ப வாங்கினார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டே முதல் தளத்துக்கு நடந்து வந்தார். நுகாடா நிமிரவில்லை. மன்னிச்சிருங்கண்ணே, மன்னிச்சிருங்கண்ணே என்று மண்ணைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

இசோகாயா அவன் கையை இழுத்து, பந்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"தலையைத் தூக்குடா. ஃபோர்க்னு சொல்லச் சொன்னதே நான்தான். எனக்கு ஊரே கூடி விழா எடுக்குது, உனக்கு யாரு எடுப்பா? உனக்கும் இன்னையோட கடைசின்னு உங்க கோச் ஆட்டத்துக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டாரு."

நுகாடா திரும்பித் தன் அணியின் பெஞ்சைப் பார்த்தான்.

கோச் களத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒரு பையனைத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் உடைந்திருந்தது. தான் என்ன தப்பு செய்தோம் என்று அந்தப் பையனுக்குக் கடைசிவரை புரியவில்லை.