வெறுங்கை

பங்குனி வெயிலில் புல்டோசர் உறுமலை நிறுத்திவிட்டு நிற்கிறது. அதன் முன்னால் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன; புரண்ட செம்மண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை. ஓட்டுகிறவன் கலியமூர்த்தி. நிலம் போன வருஷமே சுரங்கத்துக்குப் போய்விட்டது. இந்தக் கடைசிக் காய்ப்பு மட்டும்தான் அவன் அக்கா கனகத்துக்கு மிச்சம். "கொட்டை முத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டாங்கக்கா" என்று சொன்னவன் அவன்தான். அதை நம்பி அவள் ஒரு காயும் பறிக்கவில்லை. இன்று காலை உத்தரவு வந்துவிட்டது.

கனகம் தூக்கில் கம்பங்கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்திருக்கிறாள். திட்டுவாள் என்றிருந்தான். "காலையிலேந்து பட்டினியா கெடக்கிற, குடிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாய்ந்த கிளையருகே குந்திப் பச்சைக் கொட்டைகளை மடியில் பறித்துப் போடுகிறாள். "கொழம்புக்காவது ஆவும்." அவன் ஒரு வாய் குடிக்கிறான். தூக்கை வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் குந்துகிறான். பச்சைக் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். அவள் முந்தானையில் முடிந்துவந்த சாம்பலை நீட்டுகிறாள். "தடவிக்கினு பறிடா."

"நீ தடவிக்கக்கா" என்கிறான். வெறுங்கையால் அடுத்த கொத்தைப் பிடித்து இழுக்கிறான்.