துருவுக்குப் பின்னால்

அந்தப் போர்க்கப்பலுக்கு வயது முப்பத்தெட்டு. அதற்குப் பதிலாக வர வேண்டிய புதுக்கப்பல், ஆறு வருஷமாக 'அடுத்த வருஷம்' வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் ரோந்துக்குக் கிளம்ப வேண்டும். துருவைத் தட்டி எடுத்துப் பூச்சு அடிக்க, சுத்தியலும் பெயின்ட் பிரஷும் கப்பலின் அடிவயிற்றுக்கு இறங்கின.

சுத்தியல் ஓங்கியதும் துரு பதறியது.

"அண்ணே, இந்த இடத்துல மட்டும் அடிக்காதீங்க!"

"முப்பது வருஷமா உன்னை அடிக்கிறேன். இன்னிக்கு என்ன புதுசா?"

"அப்பல்லாம் எனக்குப் பின்னால இரும்பு இருந்துச்சு."

சுத்தியல் ஓங்கியபடியே நின்றது. "இப்ப?"

"கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் நானே தின்னுட்டேன். இப்ப நான்தான் சுவரு. மேல நூத்தியெண்பது பேர் இருக்காங்கண்ணே."

"தின்னதும் நீ, கவலைப்படுறதும் நீயா?"

"வேற யாரு இருக்கா? புதுசு வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

சுத்தியல் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. பிரஷ் முன்னால் வந்து, காயத்துக்கு மருந்து போடுவதுபோல் அந்த இடத்தில் மெல்லச் சாம்பல் வண்ணத்தைத் தடவியது.

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க," என்றது பிரஷ். "கடல் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது."