கத்தி கைக்கு வந்த வழி

“கத்தி அவன் கைக்கு எப்படி வந்துச்சு? வழக்கு முழுக்க அதுலதான் நிக்குதும்மா” என்றார் சட்டத்தரணி பர்ஹான்.

பதுளை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த அவருடைய சிறிய அலுவலகத்தில், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் விஜயலெட்சுமி. மகன் நிஷாந்த் விளக்கமறியல் சிறையில் இருந்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால், மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் யார் முதலில் குளிப்பது என்று தொடங்கிய சண்டை. நிஷாந்த் வீசிய கத்தியைத் தடுக்க எதிர் லயத்து ஜெயகுமார் தூக்கிய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

பர்ஹானுக்கு எதையும் விளக்கிச் சொல்வதில் தனிச் சந்தோஷம். பேனாவை எடுத்துக் காட்டினார்.

“இப்ப நான் எழுதிட்டு இருக்கேன். நீங்க ஏதோ ஏசுறீங்க. கையில இருந்த பேனாவால குத்திட்டேன். அது ஆத்திரம். இதையே மூடி வச்சிட்டு, வீட்டுக்குப் போய், கூராக்கிட்டு வந்து குத்தினா?”

“அது திட்டம் போட்டுச் செஞ்சதுங்க.”

“அவ்வளவுதான். காயம் ஒண்ணு, பேரு ரெண்டு. முதலாவது கடுங்காயம், பிணை கேக்கலாம். மத்தது கொலை முயற்சி. பிணை லேசுல கிடைக்காது. தீர்ப்பு வந்தாலும் வருசக்கணக்குல உள்ளதான்.”

அன்று நிஷாந்த், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை முடிந்து, கத்தியோடு மலையிலிருந்து நேராகப் பீலிக்கு வந்தான். அதைப் பார்த்தது அவள் மட்டும்தான். தோட்டத்தில் கவ்வாத்து அன்றோடு முடிந்துவிட்டது என்று அவள் சொன்னதும் பர்ஹான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னும் நல்லம். கவ்வாத்து முடிஞ்ச பிறகு ஒருத்தன் கத்தி தீட்டினா, அது செடிக்கு இல்ல, ஆளுக்கு. உங்க மகன் தீட்டல்ல, நேரா வந்தான். நாளைக்குப் பொலிஸ்ல பார்த்ததை அப்படியே சொல்லுங்க. சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாம்.”

அவள் கேட்டாள்:

“உள்ள இருக்கறப்போ அவன யாரும் எதுவும் செஞ்சிர மாட்டாங்களே சார்?”

“காவல் இருக்கும்மா. வெளி ஆள் யாரு சுவரத் தாண்டி வரப்போறா? சோறுதான் வாய்க்கு நல்லா இருக்காது.”

அவள் சிரிக்கவில்லை. எது ஆத்திரம், எது திட்டம் என்று மறுபடியும் ஒருமுறை கேட்டாள். பெற்ற மனம் பதறுகிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் பொறுமையாக மறுபடியும் பேனாவை எடுத்தார்.

மறுநாள் பொலிஸில், சார்ஜன்ட் கேட்டு முடிப்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

“வேலை விட்டு வீட்டுக்கு வந்தான் சார். கத்திய மாட்டிட்டுத் தேத்தண்ணி குடிச்சான். அப்புறம் அதை எடுத்து, நல்லாத் தீட்டிக்கிட்டுத்தான் பீலிக்குப் போனான்.”

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தினார். “நீங்க பெத்த மகன்தானே? இதைச் சொன்னா அவனுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியுங்க. வக்கீல் ஐயா நல்லா வெளங்கப்படுத்தினாரு. எழுதிக்குங்க.”

அவள் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு ஏறி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எதிர் லயத்து வாசற்படியில் ஜெயகுமாரின் அண்ணன் குனிந்து உட்கார்ந்திருந்தான். தம்பி வெட்டுப்பட்டதிலிருந்து அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று தலையைத் தூக்கி, மரியாதையாகவே கேட்டான்.

“நிஷாந்த் எப்ப வர்றான் அத்தே?”

“இப்போதைக்கு வரமாட்டான்ப்பா. வருசக்கணக்காகுமாம்.”

அவளையே பார்த்திருந்தவன், கவ்வாத்து முடிந்த மறுநாளிலிருந்து அவள் வாசலைப் பார்த்தபடி தினமும் தீட்டிவந்த கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான்.