பன்னிரண்டே முக்கால் அடி

பட்டம்மாள் பேனாவைத் தொடவே இல்லை. மேஜைமேல் கிடந்த மன்னிப்புக் கடிதத்தை மேனேஜர் சுந்தரமூர்த்தி இரண்டாம் முறையாக அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு மட்டும் அனுப்புவாராம். அவ்வளவு பெரிய மனசு.

"நானா ஒண்ணும் எழுதல சார்" என்று சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

சுந்தரமூர்த்தி பீடாவை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி, குப்பைக்கூடையில் துப்பினார். கையில் காகிதச் சுருளோடு சுவரோரம் நின்ற புரோகிராமர் தேவானந்தம் முகம் சுளித்தான். ஆம்பூருக்கு வந்த எட்டு மாதத்தில் தோல் ஷெட் நாற்றம் பழகிவிட்டது. இந்த மனுஷன்தான் பழகவில்லை.

தோலின் பரப்பைச் சதுர அடியில் அளக்கும் மெஷினில் முள் காட்டுவதைப் படித்து, பக்கத்துப் பொத்தான்களை அழுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பட்டம்மாள் வேலை. அதே அளவைத் தோலின் மூலையில் பென்சிலால் எழுதுவதும் அவள்தான். மெட்ராஸ் ஷூ கம்பெனி ஒன்று, வந்த தோலெல்லாம் எழுதிய அளவைவிடக் கம்மி என்று போன வாரம் கடுதாசி போட்டுவிட்டது.

கம்ப்யூட்டர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி மேனேஜர் தேவானந்தத்தை ஏவினார். புரோகிராமின் வயிற்றுக்குள் புகுந்து ஒவ்வொரு எண்ணாக எடுத்துக் காட்ட டீபக்கர் என்று ஒரு புரோகிராம் உண்டு. அதை ஓட்டினான். பன்னிரண்டே முக்கால் அடி என்று எழுதிய தோலுக்கு அது 12.3 என்றது. பதினான்கே முக்காலுக்கு 14.3 என்றது.

உள்ளே ஒன்றை ஏற்றி, வெளியே கூட்டி எழுதியிருக்கிறாள் என்று தீர்ப்பாகிவிட்டது. தேவானந்தமும் அதை நம்பினான். மூன்று நாளாக அவள் எதிரே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது என்று கேண்டீனில் நாலு பேர் காதுபடப் பேசியும் விட்டான்.

இன்று காலையில்தான் அவனுக்கு உறைத்தது. தொள்ளாயிரம் தோல்களில் ஒன்றுக்குக்கூட, புள்ளிக்குப் பின்னால் மூன்றைத் தாண்டிய எண் இல்லை. நாலு இல்லை, ஏழு இல்லை, ஒன்பது இல்லை.

தோல்காரர்கள் அடியைப் பத்தாகப் பிரிப்பதில்லை, காலாகத்தான் பிரிப்பார்கள். அவள் அழுத்திய மூன்று என்றால் மூன்று கால். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல புரோகிராமோடு வரும் விவரப் பட்டியலில் அப்படித்தான் எழுதியும் இருந்தது. பாழாய்ப்போன டீபக்கர் அந்தப் பட்டியலைத் தப்பாகப் படித்து, முக்கால் அடியைப் பத்தில் மூன்றாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

தப்புக் கண்டுபிடிக்க வந்ததே தப்பு! இதை நம்பியா ஒருத்தியைத் திருடி என்றோம் என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. டீபக்கரில் பட்டியலைப் படிக்கும் நாலு வரியைத் திருத்தி, எல்லாத் தோலையும் மறுபடி அச்சடித்து எடுத்துக்கொண்டு, விசாரணை நடக்கும் அறைக்கு ஓடிவந்திருந்தான்.

"சார், தப்பு டீபக்கர்லதான். இவங்க ஏத்தினதும் எழுதினதும் ஒண்ணுதான்" என்று காகிதத்தை மேஜைமேல் விரித்தான்.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினான். மேனேஜர் எகிறிக் குதிப்பார், தன் வேலைக்கும் வேட்டு வைப்பார் என்று எதிர்பார்த்துத்தான் பேசினான். அவரோ கடைசி வரிவரை பொறுமையாகக் கேட்டார்.

கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. மன்னிப்புக் கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, பட்டம்மாளை உடனே மெஷினுக்குப் போகச் சொன்னார். தேவானந்தத்தின் தோளைத் தட்டி, படிச்சவன் படிச்சவன்தான் என்றார்.

பிறகு மெட்ராஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் தட்டச்சாயிற்று. ஒவ்வொரு தோலையும் கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டோம், எழுதிய அளவு சரி, வழியில் தோல் சுருங்கினால் நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் தேவானந்தம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். ஒரு குடும்பத்தின் சோறு போகாமல் காப்பாற்றிய நிறைவு அவனுக்கு.

அளவு ஷெட்டுக்குப் போய்ப் பட்டம்மாளைப் பார்த்தான். மூன்று நாளாக முகத்தைத் திருப்பியதற்கு மன்னிப்புக் கேட்டான். அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. காலில் எதையோ மிதித்துவிட்டவள்போல அவனைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அதான் எல்லாம் சரின்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டேனே. இன்னும் இன்னா பேஜாரு?"

பட்டம்மாள் ஷெட் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முள்ளு காட்றதுக்கு மேல அரை அடி சேத்து அழுத்தச் சொன்னதே அந்த மேனேஜருதான் சார்."