மாம்பலகையின் துளைகள்

நாற்காலிப் பட்டறை ஒன்றில் ஒரு மாம்பலகை இருந்தது. பக்கத்துப் பலகை ஆணி அடித்த அடியில் இரண்டாகப் பிளந்ததைப் பார்த்த நாளிலிருந்து அதற்கு ஆணி என்றாலே பயம். ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. "நான் தேக்குக்குத் தம்பி. என் உடம்பில் ஊசிமுனை அளவுகூடத் துளை கிடையாது" என்று பார்ப்பவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அதை ஒரு நாற்காலிக் காலின் மேல் வைத்து, இரண்டிலும் சேர்த்துக் குடைந்த குழியில் சின்ன பிளாஸ்டிக் முளை ஒன்றை நிறுத்தினார்கள். மேலே மீயொலி இயந்திரம் தயாராக இருந்தது.

"அண்ணே, இந்த இயந்திரம் காதுக்கே கேக்காத சத்தத்தால என்னை அதிர வைக்கும்" என்றது முளை. "நான் உருகி, உங்க உடம்புல இருக்கிற பொடித் துளைக்குள்ள எல்லாம் ஓடி இறுகிக்குவேன். அப்பதான் பிடிப்பு. உங்களுக்குத் துளையே இல்லைன்னா நான் எங்க போறது? ஆணியைத்தான் கூப்பிடணும்."

ஆணி என்றதும் பலகையின் தேக்கு வம்சம் அந்த நொடியே அற்றுப்போனது.

"ஐயையோ, வேண்டாம்ப்பா! யார்கிட்டயும் சொல்லிடாதே. உடம்பு பூரா துளைதான். மழைக்காலத்துல நான் ஊதிப்போறதே அதனாலதான்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றது முளை.

இயந்திரம் இறங்கி அழுத்தியது. பலகை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியல் சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தமே வரவில்லை. உள்ளே லேசாகச் சூடு பரவி, பிறகு ஆறியது.

"தம்பி, எப்பப்பா ஆரம்பிப்பாங்க?" என்றது பலகை, கண்ணை இறுக மூடியபடி.

"முடிஞ்சு போச்சு அண்ணே" என்றது முளை, பலகையின் உடம்புக்குள்ளிருந்து. "மூச்சை விடுங்க."