தேறாதவள்

“ஒரு தலைப்பு வைக்கத் தெரியலையே. இத்தனை வருஷம் என்னதான் பண்ணீங்க?”

கண்ணாடிக்காரர் அவள் திருத்திய தாளை மேஜைமேல் தள்ளிவிட்டார். அந்த வாரப் பத்திரிகையின் இப்போதைய ஆசிரியர் அவர்தான். பக்கத்தில் முதலாளி.

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. எட்டு வருஷமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். ஊரார் எழுதியதையெல்லாம் சீர்படுத்தி அனுப்பியாயிற்று. அவள் பெயர் மட்டும் ஒரு மூலையிலும் அச்சானதில்லை. இந்த ஆசிரியர் வேலை கிடைத்தால் வாராவாரம் வரும். அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்ட மகள் வேறு காத்திருக்கிறாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போனவர்கள் எல்லோரும் போன வேகத்தில் திரும்பினார்கள். எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் உள்ளே வந்தால் இப்படி நொட்டை சொல்ல ஒரு மனிதர்.

முதலாளிக்கு அவளைப் பிடித்துவிட்டது போலிருந்தது.

“நல்லாத்தானய்யா திருத்தியிருக்காங்க? ஏம்மா, அடுத்த வாரமே சேர முடியுமா?”

“முடியும் சார்.” அவள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

“வேண்டாம் சார்,” என்றார் கண்ணாடிக்காரர். “இவங்க வேகத்துக்கு முதல் இதழே தாமதமாகும்.”

“கொடுத்த நேரத்துக்குள்ள முடிச்சேனே சார்?”

“பாருங்க, எதிர்த்துப் பேசறாங்க. இன்னைக்கு என்கிட்ட, நாளைக்கு உங்ககிட்ட.”

முதலாளியின் முகம் மாறியது. “சரிம்மா, பார்த்துச் சொல்றோம்.”

பார்த்துச் சொல்வதாவது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? படியிறங்கும்போது அழுகை முட்டியது. மகளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

பின்னால் செருப்புச் சத்தம். கண்ணாடிக்காரர்தான், மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

“திட்டறதுக்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா சார்?”

“கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க தாள்ல ஒரு குறையும் இல்ல.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்புறம் ஏன் சார் என் வயித்துல அடிச்சீங்க?”

அவர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க ஆசிரியர்ங்கறது பேருக்குத்தான். கண்டவங்களைப் பத்திக் கண்டதையும் எழுதறது முதலாளி. ஆசிரியர்னு என் பேர் வர்றதால கேஸ் எல்லாம் என் மேல விழுது. கோர்ட்டுக்கு அலையறதுதான் இப்ப என் வேலையே. சின்னப் பிள்ளை இருக்குன்னு உங்க விண்ணப்பத்துல பார்த்தேன். உங்களுக்கு இது எதுக்கு?”

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

“அப்ப நீங்க ஏன் சார் இன்னும் இங்க இருக்கீங்க? விட்டுட்டுப் போயிடலாமே?”

“பாதியில போனா என் கேஸுக்கு முதலாளி வக்கீல் வைக்கமாட்டேங்கறார். மாத்து ஆள் கிடைச்சா கேஸை எல்லாம் முடிச்சு என்னை விட்டுடறாராம்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “ஆறு மாசமா ஆள் தேடறார். அவருக்குப் பிடிச்சது நீங்க ஒருத்தர்தான்.”